சத்தம் மட்டும்

விடியற்காலை ஆறு மணிக்கெல்லாம் பஞ்சு பறக்கத் தொடங்கிவிடும். செஞ்சியில், திண்டிவனம் ரோட்டில் இருக்கிற துரைக்கண்ணு முதலாளியின் பொம்மைக் கம்பெனியில், பஞ்சு ரூமுக்குள் போகிறவர்கள் முக்காடு போட்டு, வாயைத் துணியால் கட்டி, கண் மட்டும் தெரிய நிற்பார்கள். மூட்டையில் இறுகிக் கிடக்கும் பஞ்சை இரண்டு கையாலும் பிய்த்து மெஷினில் போட வேண்டும். உள்ளே பல் வைத்த உருளை சுழன்று அதைப் பிரிக்கும். அந்தப் பக்கம் குழாய் வழியாக வருவதைப் பொம்மைத் தோலுக்குள் ஊதி, வாயைத் தைத்து, அடுத்த மேசைக்குத் தள்ள வேண்டும். ராஜகிரி மலை மேல் வெயில் ஏறுவதற்குள் இருமல் வந்துவிடும். துப்பினால் எச்சில் வெள்ளையாக, நூல் நூலாக வரும்.

நானும் அந்த ரூமில் ஒரு வருஷம் நின்றவள்தான். பெயர் அன்புக்கரசி. பி.எஸ்சி. படித்திருக்கிறாள், தமிழ் டைப் வேகமாக அடிப்பாள் என்று முதலாளி என்னை மாடிக்கு அனுப்பினார். மாடியில் ஏசி, சுழல் நாற்காலி, காதில் மாட்ட ஹெட்போன். கீழே என்னோடு பஞ்சு பிய்த்த சாமுண்டீஸ்வரி அக்கா, "போ, நல்லாரு. மேலேர்ந்து எங்கள மறந்துடாத" என்று சொல்லி அனுப்பினாள். நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பொம்மையின் பெயர் சிட்டு. மஞ்சள் குருவி, வயிற்றுக்குள் சின்ன மைக், கண்ணில் பச்சை விளக்கு. குழந்தை பேசினால் பதில் சொல்லும், கதை சொல்லும், விடுகதை போடும். 'செயற்கை நுண்ணறிவு! தானே கேட்கும், தானே கற்கும்!' என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். தானே எங்கே கற்றது? நம் ஊர்ப் பேச்சு அதற்கு அரைகுறையாகத்தான் புரியும். புரியாத பேச்செல்லாம் துண்டு துண்டாக எங்கள் கம்ப்யூட்டருக்கு வரும். நாங்கள் நாலு பெண்கள் அதைக் கேட்டு, வார்த்தைக்கு வார்த்தை டைப் அடிப்போம். அடித்த பிறகு கீழே இருக்கும் கட்டங்களில் ஒன்றை அழுத்த வேண்டும். 'குழந்தை', 'பெரியவர்', 'சத்தம் மட்டும்'. மிக்ஸி ஓடினாலோ மழை பெய்தாலோ 'சத்தம் மட்டும்' என்று அழுத்திவிட்டால் போதும், அந்தத் துண்டு அழிந்துபோகும். எங்களிடம் ரகசியம் காப்பதாகக் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். பொம்மை வாங்குகிறவர்களுக்கும் போனில் நீளமாக ஒரு சம்மதம் வரும். அதை யார் படித்தார்கள்?

நான் ஒரு எழுத்து பிசகாமல் அடிப்பேன். மாதா மாதம் போடும் மார்க்கில் எனக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. அந்த எண்ணில் எனக்குப் பெருமை. அடுத்த வருஷம் பர்மனென்ட் ஆக்குகிறேன் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

ஆயுதபூஜைக்கு, பொரிகடலைப் பொட்டலத்தோடு தொழிலாளிகள் எல்லோருக்கும் ஆளுக்கொரு சிட்டு கொடுத்தார்கள். தையல் கோணியது, கண் ஒன்று மங்கியது என்று கடைக்கு அனுப்ப முடியாதவை. என்றாலும் தாங்களே பஞ்சு ஊதிய பொம்மை தங்கள் பிள்ளை கைக்கு வந்ததில் அவர்களுக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சமில்லை. வல்லத்தில் காலனித் தெருவில் இருந்த சாமுண்டீஸ்வரி அக்கா வீட்டுக்கும் ஒன்று போனது.

போன மூன்றாம் நாளே அவளுடைய மகள் அனுவின் குரல் என் காதில் வந்தது. துண்டுக்கு நம்பர்தான் இருக்கும், பெயர் இருக்காது. ஆனால் என்னோடு ஒரு வருஷம் நின்று இருமியவளின் இருமல் பின்னால் கேட்டால் எனக்குத் தெரியாதா? எனக்கு முதலில் குஷியாகத்தான் இருந்தது. அனு சிட்டுவுக்குச் சோறு ஊட்டினாள். சிட்டுவின் கண் பச்சையாக இருந்தால் உயிரோடு இருக்கிறது என்று நினைத்தாள். பட்டனை அணைத்தால் "செத்துப்போச்சு" என்று வீடே இடிகிற மாதிரி அழுதாள். அதனால் அந்த வீட்டில் யாரும் அதை அணைப்பதில்லை. "சாமி படத்துக்குப் பக்கத்துல வை" என்று அக்கா சொன்னதும் கேட்டது; அங்கே, பச்சைக் கண்ணோடு அது எப்போதும் விழித்திருந்தது.

ஒன்று சொல்லியாக வேண்டும். அக்காவோடு நான் வேலை செய்த ஒரு வருஷத்தில் அவள் மூன்று தடவை வீட்டுக்குக் கூப்பிட்டாள். மூன்று தடவையும் ஏதோ சாக்குச் சொன்னேன். எங்கள் தெருவிலிருந்து யாரும் அந்தத் தெருவுக்குப் போய் உட்கார்ந்து பேசியதில்லை. அவள் வீட்டு வாசலை நான் மிதித்ததில்லை. ஆனால் அவள் வீட்டுச் சத்தம் அத்தனையும் எனக்குத் தெரியும்.

கார்த்திகையில் பஞ்சு ரூம் வளர்மதிக்கு விரல் போனது. பல் உருளைக்கு மேலே ஒரு இரும்பு மூடி இருந்தது. அது இருந்தால் பஞ்சு அடைக்கிறது, நேரம் வீணாகிறது என்று முதலாளி கழற்றச் சொன்னார். கழற்றிய பதினெட்டாம் நாள் வளர்மதியின் வலது கையில் இரண்டு விரல் உள்ளே போய்விட்டன. வெள்ளைப் பஞ்சு சிவப்பாகக் குழாய் வழியே வந்ததைப் பார்த்துத்தான் மற்றவர்களுக்கே தெரிந்தது. "கவனக்குறைவு" என்று முதலாளி எழுதி வைத்தார். மறுநாள் அதே மெஷின், மூடி இல்லாமல், ஓடியது.

அந்த வாரம்தான் எங்கள் கட்டங்களோடு நாலாவதாக ஒன்று சேர்ந்தது. 'நிறுவனம் பற்றிய பேச்சு.' ஏன் என்று நான் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பஞ்சு ரூமிலும் பேக்கிங்கிலும் இருந்து ஆறு பேர் சாமுண்டீஸ்வரி அக்கா வீட்டில் கூடினார்கள். கம்பெனியில் கேமரா இருக்கிறது, டீக்கடையில் ஆள் இருக்கிறது என்றுதான் வீட்டில் கூடினார்கள். திங்கட்கிழமை காலை அந்தப் பேச்சு என் காதுக்கு வந்தது.

பேக்கிங் பெரியதம்பி அண்ணன் குரல்: "பேக்டரி இன்ஸ்பெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்கணும். எல்லாரும் கையெழுத்துப் போடணும்."

அக்கா குரல்: "மூடிய மாட்டு, இல்லன்னா மெஷின நிறுத்து. ரெண்டுல ஒண்ணு. அவ்ளோதான் கேக்கப் போறோம்."

நடுவில் அனு சிரித்தாள். நான் எல்லாவற்றையும் அடித்தேன். அனுவின் சிரிப்பைக் கூட அடைப்புக்குறி போட்டு அடித்தேன். பிறகு என் கை கட்டங்களுக்கு மேல் நின்றது. 'சத்தம் மட்டும்' என்று அழுத்தியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. அப்படியிருந்தும், தப்பாக அழுத்தினால் தொண்ணூற்றெட்டு குறையுமே என்று நினைத்தேன். சத்தியமாக அதைத்தான் நினைத்தேன். நாலாவது கட்டத்தை அழுத்தினேன்.

புதன்கிழமை முதலாளி பஞ்சு ரூமுக்கே வந்தார். எல்லோர் முன்னாலும் அக்காவைக் கூப்பிட்டார்.

"இன்னாம்மா, மூடிய மாட்டணுமா, இல்ல மெஷின நிறுத்தணுமா? ரெண்டுல ஒண்ணா? நீயே நின்னுக்க. நாளைலேர்ந்து வராத." பெரியதம்பி அண்ணனுக்கும் அதே பதில்.

அக்கா முகம் வெளிறிப்போனதாம். வேலை போனதைவிட, தன் வீட்டுக்குள் தான் சொன்ன வார்த்தை அவர் வாயில் அப்படியே வந்ததுதான் அவளை அடித்தது. ஆறு பேரில் ஒருவர் காட்டிக் கொடுத்திருக்க வேண்டும். யார்? கூட்டத்துக்கு வந்த ராஜம்மாள் அன்று பாதியில் எழுந்து போனாள். அவளுடைய தம்பி முதலாளிக்குக் கார் ஓட்டுகிறவன். போதாதா? சாயங்காலத்துக்குள் எல்லோரும் ராஜம்மாளோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். மறுநாள் அவள் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். அதற்குள் எழுதியிருந்த மனுவில் போட்ட கையெழுத்தை மூன்று பேர் அடித்துவிட்டார்கள். "கூட இருக்கிறவளயே நம்ப முடில, இன்னா மனு?" என்று ஒருத்தி சொன்னது மாடிப்படியில் நின்ற எனக்கும் கேட்டது.

மூன்று நாள், ராஜம்மாள் சோற்றைப் பிசைந்து பிசைந்து சாப்பிடாமல் கழுவிக் கொட்டுவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு, ஏசியில் உட்கார்ந்து டைப் அடித்தேன். வெட்கம் என்றால் முகம் சிவப்பது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இது அப்படி இல்லை. இது ஹெட்போனைக் கழற்றி வைத்தாலும் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வல்லத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, நேராக அந்தத் தெருவுக்குள் நடந்தேன். அக்கா வீட்டில் பெரியதம்பி அண்ணன் இருந்தார். என்னைப் பார்த்ததும் அக்கா முகம் மலர்ந்ததுதான் கொடுமை.

"வா அன்பு, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா? சாப்டியா?"

நான் சாமி படத்துக்குப் பக்கத்தில் பார்த்தேன். பச்சைக் கண். எட்டி அதை எடுத்து, பின்னால் இருந்த பட்டனை அணைத்தேன். அனு வீல் என்று கத்தி, அதை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

"ராஜம்மாள் இல்லக்கா. இதுதான். இது கேட்டுச்சு, நான் அடிச்சேன். நீ பேசினதுன்னு தெரிஞ்சேதான் அடிச்சேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். தொண்ணூற்றெட்டையும் சொன்னேன். அக்கா நின்றபடியே கேட்டாள். பிறகு மெதுவாகத்தான் பேசினாள்.

"மூணு வாட்டி கூப்ட்டேன், வர்ல. எங்க வூட்டு தண்ணி வேணாம், எங்க வூட்டு பேச்சு மட்டும் வேணுமா ஒனக்கு?"

அவள் அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். நான் அழுதேன். பெரியதம்பி அண்ணன்தான் குறுக்கே வந்தார். "அழுவறத நிறுத்தும்மா. நீ அழுதா ராஜம்மா பேரு சுத்தமாயிடுமா? எங்கிட்ட சொன்னத எல்லார்கிட்டயும் சொல்லுவியா? கம்பெனி கேட்டுல நின்னு?"

"சொல்றேண்ணே."

"எத்தினி வூட்ல இருக்குது இந்தக் குருவி?"

"நூத்தி நாப்பது."

அக்கா அனுவின் கையிலிருந்து சிட்டுவை வாங்க முயன்றாள். குழந்தை விடவில்லை. "இதுக்கு காது நோவுதுடி. டாக்டர்கிட்ட கூட்டினு போவலாம்" என்றாள் அக்கா. அப்போதும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று முழுக்க நானும் அவர்களுமாகத் தெருத் தெருவாகப் போனோம். முதலில் ராஜம்மாள் வீடு. நான் சொல்லி முடித்ததும் ராஜம்மாள் அக்காவைத்தான் பார்த்தாள். "இவ அடிச்சா, சரி. நீ எப்படிடி நம்புன?" என்றாள். அக்கா தலை குனிந்தாள். அன்றைக்கு வெட்கப்பட்டவள் நான் ஒருத்தி மட்டும் இல்லை. ராஜம்மாள் உள்ளே போய்த் தன் வீட்டுக் குருவியை எடுத்துக்கொண்டு வந்தாள்.

திங்கட்கிழமை ஆறு மணி. ஷிப்ட்டுக்கு வந்தவர்கள் உள்ளே போகவில்லை. பையிலிருந்தும் முந்தானையிலிருந்தும் குருவிகளை எடுத்து கேட்டுக்கு முன்னால் வரிசையாக வைத்தார்கள். எல்லாம் கண் அணைந்தவை. பின்னால் அவர்கள் உட்கார்ந்தார்கள். கைக்கட்டோடு வளர்மதியும் வந்திருந்தாள். நான் நின்றுகொண்டு, ஹெட்போனில் செய்ததையெல்லாம் எல்லோர் முன்னாலும் சொன்னேன். நூற்று நாற்பது வீட்டுக்காரர்கள் என்னைப் பார்த்தார்கள். தங்கள் வீட்டில் என்னென்ன பேசினோம் என்று ஒவ்வொருவரும் நினைத்துப் பார்ப்பது அந்த முகங்களில் தெரிந்தது. தூ என்று ஒருத்தி துப்பினாள். அதில் பஞ்சு இருந்தது.

ஏழு மணிக்கு முதலாளியின் கார் வந்து நின்றது.

"இன்னா இது? பொம்மக் கட வச்சிருக்கீங்களா?"

"நீங்க குடுத்ததுதான் சார்" என்றார் பெரியதம்பி அண்ணன். "ஒங்க காது எங்க வூட்ல வேணாம். எடுத்துக்குங்க."

"பரிசா குடுத்தத திருப்பிக் குடுக்கறதா மரியாத?"

"பரிச குடுத்துட்டு ஒட்டுக் கேக்கறது மரியாதைங்களா?" என்றாள் அக்கா.

"யாரு கேட்டா? அது கம்ப்யூட்டரும்மா. எல்லாம் ஏஐ. அதுக்கு நீ யாரு, நான் யாருன்னு தெரியுமா?"

"எனக்குத் தெரியும் சார்" என்றேன். "நான்தான் கேட்டேன்."

அவர் என் பக்கம் திரும்பினார். "கையெழுத்துப் போட்டிருக்க. கோர்ட்டுக்கு இழுப்பேன்."

"இழுங்க சார். அங்கயும் இதத்தான் சொல்லுவேன்."

அவர் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார். "ஒங்க நைனாவ எனக்குத் தெரியும். நம்ம சனமாச்சேன்னுதான ஒன்ன மேல ஒக்கார வச்சேன்? இவங்களோட சேந்துனு நிக்கிறியே, வெக்கமா இல்ல?"

படிப்புக்கும் டைப்புக்கும்தான் மாடி கிடைத்தது என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். அந்தப் பெருமையும் போயிற்று.

"இருக்குது சார்" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. "இவ்ளோ நாள் மேல ஒக்காந்திருந்ததுக்கு."

அவர் காரில் ஏறி உள்ளே போனார். கேட் சாத்திக்கொண்டது. மூடி மாட்டப்படவில்லை. வேலை போனவர்களுக்கு வேலை கிடைக்கவில்லை. எனக்கும் இனி கிடைக்காது. ஆனால் உள்ளே பஞ்சு மெஷின் ஓடவில்லை. அந்த நேரத்தில் அந்த இடம் அவ்வளவு அமைதியாக இருந்து யாரும் பார்த்ததில்லை.

பழைய மனுவை ராஜம்மாள் கிழித்துப் போட்டாள். "அடித்தல் திருத்தல் இருக்குது. புதுசா எழுதணும்."

நான் ஓரமாக, வரிசைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். சாமுண்டீஸ்வரி அக்கா கொஞ்சம் நகர்ந்து, தரையில் ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டாள். சிரிக்கவில்லை.

"ஒக்காரு. ஒரு எழுத்து பிசகாம எழுதுவியே. எழுது."

உட்கார்ந்தேன். முதல் வரியில் என் பெயரையும் நான் செய்ததையும் எழுதினேன். பிறகு தலையை நிமிர்த்தி, அவளைக் கேட்டேன்.

"அக்கா, ஒன் பேரு எழுதட்டுமா?"

இத்தனை நாளில் நான் அவளிடம் முதல்முறையாக அனுமதி கேட்டது அப்போதுதான். அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"எழுது. சாமுண்டீஸ்வரி. பஞ்சு செக்சன். மூடிய மாட்டு, இல்லன்னா மெஷின நிறுத்து. நான் சொன்னதுன்னு போடு."

"என் பேரையும் போடு" என்றாள் ராஜம்மாள். இடது கையைத் தூக்கி, "நானும்" என்றாள் வளர்மதி. அவளுக்குப் பின்னாலிருந்து ஒவ்வொரு பெயராக, சத்தமாக, வந்துகொண்டே இருந்தது.