நாற்பது நிமிடச் சுற்று

சுகாதார நிலையத்தின் காத்திருப்பு அறைக்கு நாற்காலிகளும் டிவியும் வாங்கச் சொல்லி அரசாங்கம் ஊக்க நிதி கொடுத்திருந்தது. குடும்ப ஆலோசகர் வாங்கிப் போட்டதோ ஒரு வாஷிங் மெஷின்.

அவள் வாய்க்குப் பயந்து எல்லோரும் வைத்த பெயர் வெடி. ஊரார் அழுக்கைத் துவைத்துத்தான் அம்மா அவளைப் பட்டதாரியாக்கினாள். அந்தக் குடும்பத்தின் முதல் பட்டம் அது. உட்கார நேரமே இல்லாத தாய்மார்களுக்கு எதற்கு நாற்காலி என்று நர்ஸக்காவிடம் சீறிவிட்டு, மேலிடத்தில் ஒரு வார்த்தை கேட்காமல் மெஷினை இறக்கிவிட்டாள்.

முன்பெல்லாம் தாய்மார்கள் பிள்ளைக்கு ஊசி போட்ட கையோடு ஓடிவிடுவார்கள். இப்போது துணி மூட்டையோடு வந்தார்கள். துணியை உள்ளே விட்டுவிட்டு எவள் கிளம்புவாள்? அந்த நாற்பது நிமிடத்தில் நர்ஸக்கா ரத்த அழுத்தம் பார்த்தாள், வெடி பேச்சுக் கொடுத்தாள். புருஷன் கைநீட்டுவதை ஆறு மாதமாக மூடி மறைத்த ஒருத்தி, துணி அலசி முடிவதற்குள் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள்.

ஒரு வியாழக்கிழமை ஆய்வு அதிகாரி வந்தார். டிவியைத் தேடினார், மெஷினைப் பார்த்தார், முகம் கறுத்தது. நாளைக்கே கடையில் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று அறிக்கையில் எழுதியும் விட்டார். வெடி மல்லுக்கு நின்றாள். மெஷின் போனால் இந்தப் பெண்களும் போய்விடுவார்கள் என்றாள். அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

அந்த நேரம் பார்த்து, துவைக்க வந்திருந்த இரட்டைப் பிள்ளைக்காரி ஒருத்தி, மெஷினிலிருந்து துணியை எடுக்க வேண்டி, ஒரு பிள்ளையை அவர் கையில் திணித்தாள். அது குடித்த பாலையெல்லாம் அவர் சட்டையில் திருப்பிக் கொடுத்தது.

நர்ஸக்கா சட்டையைப் பிடுங்கிக் காலி மெஷினில் போட்டு, டாக்டரின் வெள்ளைக் கோட்டை நீட்டினாள். தொப்பைக்கு மேல் பொத்தான் எட்டவில்லை.

"சீக்கிரம் எடுத்துக் குடுங்கம்மா, மீட்டிங் இருக்கு."

"சுத்து முடியாம கதவு திறக்காது சார்," என்றாள் வெடி. "நானே கத்திப் பாத்துட்டேன்."

வேறு வழியில்லாமல் உட்கார்ந்தார். நர்ஸக்கா சும்மா இருப்பாளா? கையில் பட்டையைச் சுற்றினாள். ஒருமுறை பார்த்தாள், மறுபடியும் பார்த்தாள்.

"கடைசியா எப்ப சார் பிரஷர் பாத்தீங்க?"

"நாலு வருஷம் இருக்கும். நேரம் எங்கம்மா இருக்கு?"

சுடச்சுட ஒரு பதில் வெடியின் நாக்கு நுனிவரை வந்தது. முழுங்கிக்கொண்டாள்.

"இன்னும் முப்பது நிமிஷம் இருக்கு சார்."

அவர் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்ல ஆரம்பித்தார்: தூக்கம் வருவதில்லை, மகள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மெஷின் நின்ற பிறகும் பேச்சு நிற்கவில்லை.

கடைசியில் பாதி ஈரச் சட்டையை மாட்டிக்கொண்டு, அறிக்கையில் எழுதிய வரியை அடித்தார். மெஷின் இங்கேயே இருக்க ஒப்புதல் தரலாம் என்று மாற்றி எழுதினார்.

"அடுத்த தடவ கேட்டுட்டு வாங்கும்மா."

"கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களா?"

யோசித்தார். "மாட்டேன்," என்றார் உண்மையாக. வெடிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த வியாழன் பிரஷர் பார்க்க வந்தார். கையில் ஒரு பை. பையில் நாலு சட்டை. நேராக மெஷினிடம் போனவரை இரட்டைப் பிள்ளைக்காரி மறித்தாள்.

"வரிசையில வாங்கண்ணே," என்று சொல்லி, ஒரு பிள்ளையை நீட்டினாள்.