இறக்கை நின்ற இடம்

லுபர்ட் தன் தம்பி டெப்பேக்குத் தரவேண்டிய கடன் நாற்பத்தேழு தாலரும் பன்னிரண்டு குரோஷனும். மாவு ஆலையின் கீழ்த்தளத்தில் உளுத்துப்போன பழைய சக்கரத்தைக் கழற்றிவிட்டுப் புது ஓக்குமரச் சக்கரம் மாட்டிய செலவு அது. தண்ணீர்ச் சக்கரத்துக்குக் காற்று போட்ட பிச்சை. லுபர்ட் அதை அப்படித்தான் எண்ணினான்.

அப்பன் இருந்தவரை அது தண்ணீர் ஆலைதான். கோடையில் ஓடை வற்றினால் உழவர்கள் மூட்டைகளோடு வாசலிலேயே கிடப்பார்கள். டெப்பே கடற்கரைச் சீமைக்குப் போய்க் காற்றாலை வேலை பழகித் திரும்பினான். வந்தவன் அப்பன் வேய்ந்த கூரையைப் பிரித்து, அதன் தலைமேலேயே கோபுரம் எழுப்பி நாலு இறக்கைகளையும் ஏற்றிவிட்டான். ஒரே கட்டடம், கீழே அண்ணனின் தண்ணீர், மேலே தம்பியின் காற்று. கரம்புவெளியில் நெடுந்தூரம் வரும்போதே கண்ணில் படுவது எது? இறக்கைதான். இடுப்பளவு தண்ணீரில் நின்று பாசி சுரண்டுகிறவனை யார் பார்த்தார்கள்? ஊரும் ஓடையைப் பார்ப்பதை விட்டுவிட்டு வானத்தைப் பார்க்கப் பழகிக்கொண்டது. அப்பன் பெயரில் இருந்த ஆலை டெப்பே ஆலை ஆயிற்று. லுபர்ட்டின் மனைவி பிள்ளையில்லாமலே போய்ச் சேர்ந்தாள். டெப்பேயின் மனைவி டால்கே நிறைமாதமாக இருந்தாள். காற்று அடிக்கிற பக்கமே எல்லாம் அடிக்கிறது.

கடனை மட்டும் தீர்த்துவிட வேண்டும். ஊரெல்லாம் கணக்குத் தீர்க்கிற மார்ட்டின் திருநாளன்று காசை மேசைமேல் கொட்டி, "கீழ்த்தளம் என்னுது, அதுல உன் மூச்சுக்காத்துகூடப் படக்கூடாது" என்று ஒரே ஒரு முறை சொல்லிவிட வேண்டும். அதற்காகப் பீர் குடிப்பதை நிறுத்தினான், கிழிந்த காலணிக்குள் வைக்கோல் திணித்துக்கொண்டான்.

டெப்பே இறக்கைகளுக்குப் பாய்த்துணி வாங்க மெப்பன் சந்தைக்குப் போயிருந்த நாளில் டால்கேவுக்கு வலி எடுத்தது. நடுப்பகலுக்கு மருத்துவச்சி ஃபென்னா, டெப்பே வீட்டுச் சன்னல் வழியே தலையை நீட்டினாள்.

"யோவ் லுபர்ட், பெரியப்பன் ஆயிட்ட! ஆம்பளப் பிள்ளை. மேல போய் இறக்கையை நிறுத்து. உன் தம்பி வர வழியிலயே பாத்துச் சிரிக்கட்டும்."

அந்தச் சீமையில் ஆலைதான் வீட்டுச் சேதி சொல்லும். கீழே இறங்கி வருகிற இறக்கை, அடிப்புள்ளிக்கு ஒரு முழம் முன்னால் நின்றால் வீட்டில் நல்லது. அடிப்புள்ளியைத் தாண்டி நின்றால் வீட்டில் சாவு. தொட்டில் குழந்தைக்கும் தெரிந்த கணக்கு.

லுபர்ட் ஏறிப்போய்த் தடைக்கயிற்றை இழுத்தான். காற்று கொஞ்சம் வலுத்திருந்தது. இறக்கை அடிப்புள்ளியைத் தாண்டி ஒரு முழம் போய் நின்றது. கயிற்றைத் தளர்த்தி இன்னொரு சுற்று விட்டால் போதும். கயிறு கையில்தான் இருந்தது. கீழே வீட்டிலிருந்து பிள்ளையின் அழுகை கேட்டது. நல்ல கட்டைக்குரல், ஆலையை ஆளப்போகிற குரல். லுபர்ட் கயிற்றை முளையில் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டு இறங்கினான்.

முதலில் வந்தவன் பக்கத்துப் பண்ணை ஹார்ம். சாவு விழுந்தால் சவப்பெட்டிக்கு அளவெடுப்பது பக்கத்து வீட்டுக்காரன் கடமை. கறுப்புத் தொப்பியும் கையில் கயிறுமாக மூச்சிரைக்க நின்றான்.

"யாரு போனது? டால்கேயா, குழந்தையா?"

"குழந்தை கத்துறது உன் காதுல விழலையா?" என்று ஃபென்னா வெளியே வந்தாள். "கயித்தை மடிச்சு வைய்யா, இல்ல உன்னையே அளந்துடுவேன்!"

அவள் அண்ணாந்து இறக்கையைப் பார்த்தாள். பிறகு லுபர்ட்டைப் பார்த்தாள்.

அதற்குள் வண்டி வந்துவிட்டது. டெப்பே வண்டியில் நின்றுகொண்டே ஓட்டிவந்தான். தலையில் தொப்பி இல்லை, குதிரையின் வாயெல்லாம் நுரை. யாரையும் பார்க்காமல் வீட்டுக்குள் ஓடினான். ஓர் ஆம்பிளை விக்கி விக்கி அழுகிற சத்தம் வாசல்வரை வந்தது. கேட்டுக்கொண்டு நின்ற லுபர்ட்டுக்கு உள்ளே ஏதோ இனித்தது. மறுகணமே அவன் வாசலுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டான்.

டெப்பே வெளியே வந்து அண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டான்.

"நீ தண்ணிச் சக்கரத்துக்காரன்ணே. இறக்கை உன் கைக்கு எங்க அடங்கும்? நான்தான் உனக்குச் சொல்லிக்குடுத்திருக்கணும்."

'தெரிஞ்சுதான் அப்படியே விட்டேன்' என்பது லுபர்ட்டின் பல்வரை வந்து நின்றது.

"வழியில சிலுவைக்கல்லு இருக்குல்ல, அங்க வேண்டிக்கிட்டேன்" என்றான் டெப்பே. "ரெண்டு பேரும் உசிரோட இருந்தா, எனக்கு வரவேண்டிய கடன் அத்தனையும் விட்டுடுறேன்னு."

"அப்ப என் மூணு தாலர்?" என்றான் ஹார்ம்.

"அதுவும்தான்."

ஹார்ம் கறுப்புத் தொப்பியைக் கழற்றி மேலே வீசினான். "வருஷா வருஷம் பெத்துக்க ராசா!"

எல்லாரும் சிரித்தார்கள். லுபர்ட் சிரிக்கவில்லை.

"என் கடனை நான் குடுத்துடுவேன். மார்ட்டின் திருநாளுக்கு."

"வேண்டாம்ணே. ஆண்டவருக்குச் சொன்னது. நான் வாங்கினா பிள்ளைக்கு ஆகாது."

"குடுப்பேன்னு சொல்றேன்லடா!"

சிரிப்பு நின்றுவிட்டது. டெப்பே அண்ணனை இரக்கத்தோடு பார்த்தான். "தீந்துபோச்சுண்ணே" என்று மெல்லச் சொல்லிவிட்டு மேலே ஏறினான். தடை தளர்ந்தது. இறக்கை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, அடிப்புள்ளிக்கு ஒரு முழம் முன்னால் அலுங்காமல் நின்றது.

லுபர்ட் கீழ்த்தளத்துக்குப் போய் மதகைத் தூக்கினான். ஓக்குமரச் சக்கரம் முனகிக்கொண்டு திரும்பியது. கல்லுக்கிடையே தானியம் போடவில்லை. தானியமில்லாமல் கல் ஓடினால் தீப்பிடிக்கும் என்பது ஆலைக்காரன் எவனுக்கும் தெரியும். வெறுங்கல்லும் வெறுங்கல்லும் உரசிக் கருகல் வாடை எழுந்தது. இருட்டில் ஒரு பொறி தெறித்து அணைந்தது. அவன் மதகை இன்னும் ஒரு சாண் உயர்த்தினான்.