மடுல்சீமை இளவரசனின் வம்சம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்து வாக்கில், இலங்கை மலைநாட்டின் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டமொன்றில் ஏழு தலைமுறைப் பாட்டன் பேர் எழுத்தில் இருந்த ஒரே உயிர், பெரிய துரையின் மட்டக் குதிரைக் குட்டிதான். ஷெட்லாந்து என்ற குளிர்த் தீவிலிருந்து கப்பலேறி வந்த தாய்க்கும், பண்டாரவளைத் துரையொருவரின் பொலிகுதிரைக்கும் பிறந்தது. "முழுக் கறுப்பு, வேறு நிறத்தில் ஒரு மயிரும் இல்லை" என்று துரை சீமைக்கு எழுதியனுப்பியிருந்தார். ஒரு மேஜர் துரை நேரில் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டால், குட்டி வம்சப் புத்தகத்தில் ஏறிவிடும். பேர்கூடத் தயார்: மடுல்சீமை இளவரசன். குதிரைக்காரன் வீரய்யா அதைக் குட்டையன் என்பான். அதுவும் அந்தப் பேருக்குத்தான் திரும்பிப் பார்க்கும்.

அடைமழையில் பாதை சரிந்து துரை பதுளையில் மாட்டிக்கொண்டிருந்த சமயம், குட்டிக்கு வயிறு உப்பிவிட்டது. காலை உதைத்துக்கொண்டு புரண்டது. வீரய்யா ஊரில் மாட்டுக்குச் செய்வதைச் செய்தான்: கம்பியைப் பழுக்கக் காய்ச்சி விலாவில் ஒரு சூடு இழுத்தான். அந்திக்குள் குட்டி எழுந்து பால் குடித்தது. சூட்டினாலா, தானாகவா என்று குட்டையனுக்கே தெரியாது.

துரை ஒன்றையும் கவனிக்கவில்லை. குட்டியைவிடக் குட்டியின் காகிதத்தையே அடிக்கடி பார்ப்பவர் அவர். ஆனால் பொருக்கு உதிர்ந்த இடத்தில் வெள்ளை மயிர் முளைத்தது.

"தொரகிட்ட சொல்லிடுங்க" என்றாள் அவன் மனைவி பெரியாயி.

"சொன்னா தோட்டத்தவிட்டே தொரத்திடுவாரு. துண்டு இல்லாம போனா எவன் சேப்பான்?"

விடுவித்ததாகப் பழைய தோட்டம் கொடுக்கும் அந்தத் துண்டுக் காகிதம் இல்லாதவனுக்கு, அடுத்த தோட்டத்தில் வேலையும் கிடையாது, குடியிருக்க லயத்தில் ஓர் அறையும் கிடையாது.

"அப்ப என்னதான் செய்யப்போறீங்க?"

"கரியும் வெளக்கெண்ணெயும் கொழச்சுக் குடு."

"நல்லாருக்கு! எம்புள்ளைக்கு வைக்க மை இல்ல, எளவரசனுக்குப் பூசணுமாக்கும்."

மேஜர் துரை வந்தார். வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைக் கையுறை, மெழுகு தடவி முறுக்கிய மீசை. உயரம் அளந்தார். பல்லைப் பார்த்தார். காகிதத்தில் ஏழாவது பாட்டன் வரை உரக்க வாசித்தார். ஒவ்வொரு பாட்டனுக்கும், கூடப் பழகியவர் மாதிரி, மொழிபெயர்க்க நின்ற தோட்டத்துக் கணக்கப்பிள்ளை தலையாட்டினார். மேஜர் பேனாவைத் திறந்த நேரம் குட்டையனுக்கு விலா அரித்தது. பக்கத்தில் கிடைத்த மேஜர் காலில் நன்றாக உரசிக்கொண்டது.

வெள்ளைக் கால்சட்டையில் கறுப்புப் பட்டை. கறுப்பு விலாவில் வெள்ளைக் கோடு.

மேஜர் பேனாவை மூடிப் பெரிய துரையைப் பார்த்து ஏதோ இரைந்தார். கணக்கப்பிள்ளை வீரய்யாவிடம் சொன்னார்: "சூட்டுத் தழும்புன்னா, தழும்புன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பாராம்டா! சாயம் பூசின குதிரைக்குப் போடமாட்டாராம். வேற குட்டிய மாத்திக் காட்டுறோமாம். நம்ம தொரையத் திருடங்கிறாருடா, பாவி!"

"நான்தாங்க பூசினேன். தொரைக்கு ஒன்னும் தெரியாதுங்க."

அதை யாரும் இங்கிலீசில் சொல்லவில்லை.

மேஜர் பாதை வளைவில் மறைவதற்குள் பெரிய துரை துப்பாக்கியோடு லாயத்துக்கு வந்துவிட்டார். புத்தகத்தில் ஏறாத குட்டி அவர் தோட்டத்தில் நிற்கக்கூடாதாம். குறுக்கே போன வீரய்யாவைக் கணக்கப்பிள்ளை பிடித்து இழுத்தார்.

"குட்டையா!" என்று வீரய்யா கத்தினான். ஓடிப்போகச் சொல்லித்தான் கத்தினான். குட்டையனோ பேரைக் கேட்டதும், வழக்கம்போல, அவனைப் பார்த்துத் திரும்பி வந்தது.

குழி வெட்டியதும் அவன்தான். துண்டு கிடைக்கவில்லை.

தெமோதரைப் பக்கம் ஒரு தோட்டத்தில் ஆள் சேர்க்கும் கங்காணி அவனையும், கைக்குழந்தையோடு நனைந்து நின்ற பெரியாயியையும் மேலும் கீழும் பார்த்தான். பேர் கேட்கவில்லை. அப்பன் பேரும் கேட்கவில்லை.

"துண்டு எங்க?"

வீரய்யா கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். நகக்கண்ணில் கரி இன்னும் போகவில்லை.