லீமன் கண்ணைத் திறக்காத வரை

1

இந்தக் கதை பயத்தில் பிறந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஏழு முறை தொடங்கி, ஏழையும் கிழித்துப் போட்டேன்.

[கிழித்ததில் ஒன்று: "1951, அமெரிக்காவின் ஜார்ஜியா. புகையிலைக் கிடங்கில் ரிதம் அண்ட் புளூஸ் பாட்டுக் கேட்ட எல்லோரும் மகிழ்ச்சியில்..." பொய். அங்கே பியானோ வாசித்தவள் நான். என் விரல்கள் சில்லிட்டிருந்தன.]

2

கிடங்கின் நடுவே கயிறு. இந்தப் பக்கம் எங்கள் கறுப்பு ஜனம், அந்தப் பக்கம் வெள்ளையர்கள். பாடுகிறவன் என் தம்பி லீமன். வெள்ளைக்காரப் பெண்கள் மேல் அவன் பார்வை ஒரு நொடி நின்றால் போதும். போன வருஷம் அப்படிப் பார்த்தான் என்று டிரம்ஸ் வாசித்த ஒருவனை ஆற்றங்கரையில்... வேண்டாம், இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன்.

"அக்கா, கண்ண மூடிட்டே பாடிடறேன். பாத்தான்னு எவனும் சொல்ல முடியாதுல்ல?"

"மூடுடா. ஆனா சொக்கிப்போன மூஞ்சியக் காட்டாத. அதுக்கும் ஒதைப்பானுங்க."

சிரித்தான். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

3

[காவலுக்கு வந்த வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரியை, அந்தத் துணை ஷெரீஃபை, முழு வில்லனாக எழுதத்தான் ஆசை. ஆனால் அவர் கை துப்பாக்கி மேல் இருந்தபோதே பூட்ஸ் கால் தாளம் போட்டது. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.]

மூன்றாவது பாட்டில், மஞ்சள் கவுன் போட்ட வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி கயிற்றுக்கடியில் குனிந்து வந்துவிட்டாள். லீமனுக்கு ஓரடி முன்னால் நின்று ஆடினாள். அவன் கண் திறந்தால் முதலில் படுவது அவள் முகம்.

துணை ஷெரீஃப் என் காதருகே குனிந்தார். "பாட்டு முடியட்டும். யாரப் பாக்குறான்னு நானும் பாக்குறேன்."

லீமனைக் கூப்பிட்டால் கண்ணைத் திறப்பான். நிறுத்தினாலும் திறப்பான். பாட்டை முடிப்பதோ மறுபடி முதலுக்குத் திருப்புவதோ எங்கள் குழுவில் பியானோவின் வேலை. திருப்பினேன். அவனும் மறுபேச்சில்லாமல் முதல் அடியைப் பிடித்தான். மறுபடி திருப்பினேன். அவனைக் காப்பாற்ற நான் வாசிக்க வாசிக்க, கூட்டத்துக்கு வெறி ஏறியது. இன்னும் நாலு பேர் கயிற்றைத் தாண்டினார்கள்.

4

முடிவு ஒன்று: கயிறு அறுந்து, எல்லோரும் கலந்து ஆடுகிறார்கள். யார் யாரைப் பார்த்தார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. (எனக்கும் இதுதான் வேண்டும்.)

முடிவு இரண்டு: உண்மையில் நடந்தது. அதை எழுத என் கை வரவில்லை.

ஆகவே பதினோராவது சுற்றிலேயே நிற்கிறேன். லீமன் பாடுகிறான், உயிரோடிருக்கிறான், கண் மூடியிருக்கிறது. என் விரல்கள் மரத்துவிட்டன. நீங்கள் வந்து இந்த முக்காலியில் உட்காருங்கள். எப்படி வேண்டுமானாலும் வாசியுங்கள், தப்பாகவே வாசியுங்கள், ஆனால் கடைசி அடி வரும்போது தயவுசெய்து மறுபடி முதலுக்கு