உள்பக்கக் கைப்பிடி

மார்ச் 14, வியாழன். இன்றைய தவறு: பாலத்தின் உள்பக்கக் கைப்பிடியை விட்டுவிட்டேன். காரணம்: வரைபடத்தைப் பார்க்காமல் புகைப்படத்தைப் பார்த்துச் செய்தேன்.

இவ்வளவும் எழுதிவிட்டு அவள் பேனாவை மூடாமல் வைத்திருந்தாள். மாலை வகுப்பில் வரைகலை சொல்லித்தரும் ஆசிரியை, வேலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் தினக்குறிப்பு எழுத வேண்டும் என்று விதி வைத்திருந்தார். தேதி, தவறு, காரணம், மறுநாள் வேலை. அடித்துத் திருத்தக் கூடாது. மற்றவர்கள் வாரக் கடைசியில் உட்கார்ந்து ஏழு நாள் தவறுகளையும் ஒரே மூச்சில் கற்பனை செய்துவிடுவார்கள். அவள் அன்றன்றைக்கு எழுதினாள். தவறே செய்யாத நாளில், ஏதோ கண்ணில் படாமல் போய்விட்டது என்று இன்னும் கொஞ்சம் நேரம் யோசிப்பாள். இன்று எழுதி முடித்த பிறகுதான், எழுதியது தவறுதானா என்ற சந்தேகம் வந்தது.

அவள் வேலை பார்த்த பட்டறையில் மாதிரி ரயில்பாதைகள் செய்தார்கள். எப்போதும் கையில் ஆறங்குல ஸ்கேல் இருப்பதால் அங்கே அவளுக்கு ஸ்கேல் என்றே பெயர். இப்போது மேசைமேல் இருந்தது நான்கு மீட்டர் நீள வேலை. வளைந்து போகும் ஓர் ஆறு, இரண்டு குன்று, ஆற்றின் வளைவோடு தானும் வளையும் இரும்புப் பாலம். எல்லாம் அசலில் எண்பத்தேழில் ஒரு பங்கு. குன்றுகளைத் தெர்மோகோலில் செதுக்கிச் சுண்ணம் பூசியிருந்தார்கள். ஆற்றுக்குப் பிசினை மூன்று தடவையாக ஊற்றிக் காயவிட்டிருந்தார்கள். கரையோர மரங்களைக் கம்பி முறுக்கிப் பஞ்சுத்தூள் ஒட்டிச் செய்தவள் மரக்கார அக்கா. பாலம் ஸ்கேலின் பொறுப்பு.

அசல் பாலத்தைப் பராமரிக்கும் ஒப்பந்த நிறுவனம்தான் வேலையைக் கொடுத்திருந்தது. அவர்களுடைய முன்கூடத்தில் வைப்பதற்கு என்று சொன்னார்கள்.

எட்டு மாதத்துக்கு முன்பு அதே பாலத்துக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தபோது அவளுடைய அண்ணன் கீழே விழுந்தான். வளைவின் உள்பக்கத்து நடைபாதையிலிருந்து, தண்ணீர் வற்றிய மணலில். இடுப்பெலும்பு நொறுங்கியது. கைப்பிடி இருந்தது, அவன்தான் அதன்மேல் ஏறினான் என்றது நிறுவனம். கைப்பிடியே கிடையாது என்றான் அண்ணன். நஷ்டஈட்டு விசாரணை அந்தக் கேள்வியிலேயே நின்றுகொண்டிருந்தது. அவள் யாருடைய தங்கை என்று பட்டறையில் மரக்கார அக்காவைத் தவிர யாருக்கும் தெரியாது. முதலாளியிடம் சொல்லிவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தாள். சொன்னால் பாலத்தை வேறு ஒருவரிடம் கொடுத்துவிடுவார். அந்தப் பாலத்தை வேறு யாரோ அரைகுறையாகச் செய்வதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

நிறுவனம் நாற்பத்தோரு புகைப்படங்கள் அனுப்பியிருந்தது. பதினேழாவது படத்தில் உள்பக்க நடைபாதை தெளிவாகத் தெரிந்தது. பலகை, போல்ட்டுகள், அதற்கப்புறம் ஆறு. அவள் அப்படியே செய்தாள்.

இன்று மதியம் நிறுவனத்தின் இன்ஜினியர் வந்தார். மேசையைச் சுற்றி வந்தவர் பாலத்தருகே குனிந்தார்.

"இந்தப் பக்கம் கைப்பிடி எங்கம்மா?"

"போட்டோல இல்ல சார். பதினேழாவது போட்டோ."

அவர் புகைப்படக் கட்டைப் பிரித்துப் பதினேழாவதை எடுத்துப் பார்த்தார். பிறகு அதைத் திரும்பக் கட்டில் வைக்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"அது பழைய போட்டோ. வரைபடம்தான் கணக்கு."

வரைபடத்தை விரித்துக் காட்டினார். உள்பக்கத்திலும் கைப்பிடி மெல்லிய கோடாக ஓடியது. எந்தத் தாளைக் கையில் எடுத்தாலும் முதலில் மூலைக் கட்டத்தைப் பார் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அவள் பார்த்தாள். திருத்திய தேதி இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. அச்சில் விட்டுப்போயிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டாள். விட்டுப்போவதும் உண்டுதான்.

திங்கட்கிழமை விசாரணை என்று இன்ஜினியர் முதலாளியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அதிகாரி முன்னால் மேசைமேல் இதை வைத்து, ஆள் எங்கே நின்றான், எப்படி ஏறினான் என்று காட்டப் போகிறார்களாம். முன்கூடத்துக்கு அதன் பிறகு போகும். புறப்படும்போது மீதிப் புகைப்படங்களையும் வாங்கிக்கொண்டு போனார். பட்டறைக்குள் செல்போன் கொண்டுவர அனுமதியில்லை. அவளிடம் எந்தப் படமும் இல்லை.

முதலாளி கெட்டவர் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி அவள் பேசி முடிக்கும்வரை காத்திருந்தார். அண்ணனைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை. அவள் வீட்டில் இப்போது சம்பளம் வாங்குவது அவள் ஒருத்தி. அதனால் வேறு வழியாக வந்தாள். வளைவில் நீள ரயில் பெட்டியின் நடுப்பகுதி உள்பக்கம் தள்ளிக்கொண்டு போகும், கைப்பிடி வைத்தால் உரசும் என்றாள். பித்தளைக் கம்பி ஒன்றை நிறுத்திப் பெட்டியைத் தள்ளியும் காட்டினாள். கம்பி சாய்ந்தது.

"அங்க ரயில் ஓடாதும்மா. நிக்கும். நீ வை," என்றார் முதலாளி. கொஞ்ச தூரம் போய்த் திரும்பினார். "புதுசா பளபளன்னு இருந்தா ஒட்டவச்ச மாதிரி தெரியும். பாலத்துக்கு என்ன வயசோ அதுக்கும் அந்த வயசு இருக்கணும். உன் கைவரிசைய காட்டு."

அவர் போன பிறகு அக்கா தலை நிமிராமல் ஒரு மரத்துக்குப் பஞ்சுத்தூள் தூவினாள்.

"முடியாதுன்னு சொல்லிடு, ஸ்கேலு."

"சொன்னா?"

"சொன்னா அதை நான் வைக்கணும். எனக்குக் கோணலா வரும். அவ்ளோதான் வித்தியாசம்."

இப்போது வீட்டில், பக்கத்து அறையில் கட்டில் கிறீச்சிட்டது. அண்ணன் புரண்டு படுக்க முயல்கிறான். அவள் நோட்டை விரித்தபடியே விட்டுவிட்டுப் போய் அவன் முதுகுக்குத் தலையணையைச் சரியாக வைத்தாள்.

"நம்ம பாலம் எந்த மட்டுல இருக்கு?" என்றான். ஏழு வாரமாகத் தினமும் இதே கேள்வி. மாதிரிப் பாலத்தின் நிறமெல்லாம் அவன் சொல்லித்தான் வந்தது. எந்தத் தூணில் வெள்ளக்கறை எவ்வளவு உயரம், எங்கே பறவை எச்சம் என்று கண்ணை மூடிக்கொண்டே ஒப்பிப்பான். அந்த நேரத்தில் மட்டும் வலியைப் பற்றிப் பேசமாட்டான்.

அவள் போர்வையின் ஓரத்தை மடித்தபடி கேட்டாள். "உள்பக்கம் கைப்பிடி இல்லதானே?"

அவன் சிரித்தான். "இருந்திருந்தா மேஸ்திரிகிட்ட ஒரு கயிறு குடுய்யான்னு நான் ஏன்டி மூணு நாளா கெஞ்சினேன்?" பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். "ஏன் கேக்கறே?"

"சும்மா. அளவுக்கு."

"துரு சரியா வருதா? ஒரேயடியா பூசிடாத. முதல்ல போல்ட்டு தலைதான் பழுக்கும். அங்கேருந்து கோடு கோடா கீழ எறங்கும். அப்படி வச்சாத்தான் அசல்னு நம்புவாங்க."

"சரி," என்றாள்.

தண்ணீர்ச் செம்பை அவன் கைக்கு எட்டுமாறு நகர்த்தி வைத்துவிட்டு மேசைக்குத் திரும்பினாள். முதல் இரண்டு வரியையும் இன்னொரு முறை படித்தாள். மை காய்ந்திருந்தது. பேனா எழுத மறுத்தது. ஓரத்தில் கிறுக்கி அதைச் சரிசெய்துகொண்டு, கடைசி வரியை எழுதினாள்.

நாளைய வேலை: உள்பக்கக் கைப்பிடி. நாற்பத்தெட்டு கால், உயரம் பன்னிரண்டு மில்லிமீட்டர். அடியில் சிவப்பு, மேலே சாம்பல். காய்ந்த பிறகு போல்ட்டுத் தலையிலிருந்து கீழே கோடு கோடாகத் துரு. எட்டு மாதத்துக்கும் மேல் பழையதாகத் தெரிய வேண்டும்.