மூன்று மாதம் நீவிய கை

எங்கள் அடுக்குமாடி புளோக்கில் யாருக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டாலும் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். இந்த மாசாய் ஊருக்குக் குடிவந்த இருபது வருடத்தில் எத்தனை சுளுக்கு எடுத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. அதனால்தான் என் வீட்டுக்காரர் திருச்செல்வத்துக்குக் கழுத்தோரம் கட்டி வந்தபோது நான் யாரையும் கேட்கவில்லை.

தொழிற்சாலை பஸ் ஓட்டுகிற மனிதர். கண்ணாடியைத் திரும்பித் திரும்பிப் பார்த்து நரம்பு முடிச்சு விழுந்திருக்கும் என்று நினைத்தேன். வலியும் இல்லை. ஜனவரியில் தொடங்கி தினமும் சாயங்காலம் கால் மணி நேரம் தைலம் போட்டுக் கட்டைவிரலால் நீவினேன். கட்டி இளகவில்லை, கெட்டியாகிக்கொண்டே போனது. சனியனே, என் விரலை விடவா உனக்குப் பிடிவாதம் என்று திட்டிக்கொண்டே இன்னும் அழுத்தினேன். ஏப்ரலில் அக்குளிலும் ஒன்று தட்டுப்பட்ட பிறகுதான் பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

அங்கே கட்டி எவ்வளவு கெட்டி என்று அளக்கிற ஸ்கேன் ஒன்று எடுத்தார்கள். எடுத்த பெண் கருவியைத் தோலில் பட்டும் படாமலும் பிடித்திருந்தாள். "அழுத்தினா தப்பா காட்டும் ஆண்ட்டி" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. பிறகு கட்டியில் கொஞ்சம் சதை எடுத்துப் பார்த்தார்கள். நிணநீர்க் கணுவில் புற்றுநோய்.

டாக்டர் மீனலோசனி பொறுமையாகத்தான் விளக்கினார். "இது சுளுக்கு இல்ல ஆண்ட்டி. நோய் வளர வளர கட்டியும் அதைச் சுத்தி இருக்கிற சதையும் இறுகிப் போகலாம். சில சமயம் அந்த இறுக்கமே நோய்க்கு வசதியா போயிடும். மருந்து வேலை செஞ்சா கொஞ்சம் கொஞ்சமா இளகும். அதையும் இதே ஸ்கேன்ல பாக்கலாம்."

நான் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அன்று அது வாயில் வரவில்லை.

அதன் பிறகு ஆஸ்பத்திரி, என் தொழிற்சாலை ஷிப்ட், சமையல் என்று நாட்கள் ஓடின. லீவெல்லாம் தீர்ந்தது. எனக்குப் பேசக்கூடத் தெம்பில்லை. சோறு ஊட்டினேன், துணி துவைத்தேன், ஆனால் அவர் கழுத்தை மட்டும் தொடவில்லை. சுளுக்கு என்று வந்தவர்களையும் கிளினிக்குக்குப் போங்கள் என்று திருப்பி அனுப்பினேன்.

நான்காவது தடவை மருந்து ஏறும்போது அவர் உள்ளே படுத்திருந்தார். வெளியே டாக்டரை நிறுத்திக் கேட்டே விட்டேன். "நான் மூணு மாசம் அழுத்தி நீவினேன் டாக்டர். அதனாலதான் அக்குளுக்குப் போச்சா?"

"இந்த நோய் தானாவே ஒரு எடத்துல இருந்து இன்னொரு எடத்துக்குப் போகும். உங்க விரல்தான் கொண்டு போச்சுன்னு சொல்ல முடியாது ஆண்ட்டி. ஆனா கட்டிய நீவக்கூடாது. அந்த மூணு மாசம் முன்னாடியே வந்திருந்தா எங்களுக்கு இன்னும் சுலபமா இருந்திருக்கும்."

கடைசியில் சொன்னது மட்டும்தான் என் காதில் நின்றது.

அந்த வாரமே லோகேஸ்வரன் வந்தான். இப்போது இவர் பஸ்ஸை ஓட்டுகிறவன். பஸ்ஸில் கிடந்த இவர் சாமான்களை ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தான். துண்டு, கறுப்புக் கண்ணாடி, சாமி படம். அடியில் ஒரு கிளினிக் கடிதம், மலாய் மொழியில். கழுத்தில் கட்டி இருக்கிறது, சீக்கிரம் பரிசோதிக்கவும் என்று ஆஸ்பத்திரிக்கு எழுதியிருந்தது. தேதி பிப்ரவரி பன்னிரண்டு.

"இது என்னங்க?"

அவர் கடிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "லைசென்சுக்கு மெடிக்கல் செக்கப் போனேன்ல. அப்ப தொட்டுப் பாத்து எழுதிக் குடுத்தாங்க."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"பயமா இருந்துச்சு. சொன்னா நீ நீவ மாட்டே, ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கிட்டுப் போயிருவே. உனக்கு ஷிப்ட், எனக்கு பஸ். அந்தக் கால் மணி நேரந்தான் நீ என் பக்கத்துல உக்காந்தே."

"அறிவிருக்கா உங்களுக்கு?" என்று கத்தினேன். "நாந்தான் உங்கள இப்படி ஆக்கிட்டேன்னு இத்தன மாசமா என் கையப் பாக்கவே பயந்துகிட்டு கெடக்கேன் லா! அதனாலதான் உங்க கழுத்தத் தொடக்கூட இல்ல!"

அவர் முகம் மாறிவிட்டது. "அதனாலயா? அருவருத்துக்கிட்டுத் தொடலன்னுல்ல நெனச்சேன்."

எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே அந்த மனிதரை இன்னும் நன்றாகத் திட்டினேன். முடி உதிர்ந்த தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு அவர் பின்னால் போய் உட்கார்ந்தேன். தைலம் எடுக்கவில்லை. கழுத்தோரம் கையை வைத்தேன், அந்த ஸ்கேன் பெண் வைத்தது போல, அழுத்தாமல். கட்டி சிறுத்திருந்தது, இளகியும் இருந்தது. எவ்வளவு என்று விரலால் அளக்க எனக்குத் துணிவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "போதும்மா, கை வலிக்கும்" என்றார்.

நான் கையை எடுக்கவில்லை.