வெள்ளை ஒயர்

டி.வி.யின் பின்பக்கம் கையை விட்டு வசுதா மஞ்சள் ஒயரை அழுத்தியபோது, தம்பியின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"அக்கா, அம்மா என்னைப் பாக்குறாங்களா?"

குரல் மட்டும்தான். திரை கறுப்பாகவே இருந்தது. கட்டிலில் அடுக்கிய தலையணைகளில் சாய்ந்திருந்த அம்மா கோதா அந்தக் கறுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது.

"இல்லடா. இரு," என்றாள் வசுதா.

இருங்காட்டுக்கோட்டை ஷூ கம்பெனியில் தையல் மெஷின்களின் இரைச்சலுக்கு நடுவே தலை நிமிராமல் தைத்தவள் கோதா. கைச்சைகையிலேயே பேசி இரண்டு பிள்ளைகளையும் வளர்த்து ஆளாக்கினாள். கடைசியில் சர்க்கரை நோய் அவள் பார்வையிலும் பாதியைத் தின்றுவிட்டது. போனிலும் லேப்டாப்பிலும் மகன் வெறும் நிழல். ஹாலில் இருந்த பெரிய டி.வி.யில் வந்தால்தான் அவன் கைகள் என்ன சொல்கின்றன என்று அவளுக்குத் தெரியும். கோவிந்த் போலந்துக்கு வேலைக்குப் போன பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள்.

இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். கோவிந்துக்கு மறுநாள்தான் விமானம். காலையிலிருந்து கோதாவின் மூச்சு விட்டு விட்டு வந்தது. அதனால்தான் டி.வி.யை அவள் அறைக்குத் தூக்கி வந்தார்கள். வரும் வழியில் அதன் பின்பக்கம் நிலைப்படியில் இடித்தது.

"இன்னா வசு, வந்துச்சா?" அவள் கணவன் ரகுபதி தண்ணீர்ச் சொம்போடு உள்ளே வந்தான்.

"சத்தம் வருது. படம் வரல."

"பக்கத்து வூட்டு டி.வி.யக் கேக்கட்டா?"

"அது சுவத்துல அடிச்சி வச்சிகீறாங்க. கழட்டி எடுத்தாறதுக்குள்ள…" வசுதா கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப குன்றத்தூர் போயி புது ஒயர் வாங்கியாறேன்."

"நீ எங்கியும் போவாத. அம்மாகூட இரு."

ரிமோட்டை எடுத்து ஒவ்வொரு இணைப்பாக மாற்றிப் பார்த்தாள். போன மழையில் இடி விழுந்ததிலிருந்து புதுமாதிரி இணைப்புத் துளைகள் இரண்டும் வேலை செய்வதில்லை. லேப்டாப்பிலிருந்து ஒரு சின்னப் பெட்டி, அதிலிருந்து மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று ஒயர்கள். அந்தப் பழைய வழிதான் மிச்சம். பெட்டியில் விளக்கு எரிந்தது. கேமரா அம்மாவைப் பார்க்கும்படி வைத்திருந்த லேப்டாப்பில் தம்பி தெளிவாகத் தெரிந்தான். கோளாறு அதற்குப் பிறகு எங்கோதான். மஞ்சள் ஒயரை முனையருகே வளைத்தாள். திரை ஒருமுறை வெட்டி வெளுத்து மறுபடி கறுத்தது. இடித்ததில் உள்ளே அறுந்திருக்கிறது.

கோதா கையை லேசாகத் தூக்கி விரல்களை விரித்தாள். எங்கே என்று கேட்கிறாள்.

வசுதா அம்மாவின் முகத்தருகே போய், பெரிதாக, மெதுவாகக் கையால் சொன்னாள்: வருகிறான்.

மறுபடி டி.வி.க்குப் பின்னால் உட்கார்ந்தாள். மஞ்சளில் படம், மற்ற இரண்டிலும் சத்தம். உறைதான் வேறு நிறம். உள்ளே மூன்றும் ஒரே கம்பிதானே? இந்த அறையில் சத்தம் யாருக்கு வேண்டும்?

"கோவிந்த், கேளு. இனிமே நீ பேசுனா எங்களுக்குக் கேக்காது. கையால மட்டும் பேசு."

"சரிக்கா. நான்…"

வெள்ளை ஒயரை இரண்டு பக்கமும் பிடுங்கி, மஞ்சள் இருந்த இடத்தில் செருகினாள். சிவப்பையும் கழற்றிப் போட்டாள். குரல் நின்றது. அறை வெளுத்தது.

"வந்துட்ச்சி!" என்றான் ரகுபதி.

அவள் கையை எடுத்ததும் படம் போய்விட்டது. இடித்த இடத்தில் துளையும் ஆட்டம் கண்டிருந்தது. ஒயரை மேல்நோக்கித் தாங்கிப் பிடித்தாள். படம் திரும்பி வந்தது.

"நான் புடிச்சிக்கிறேன். நீ வந்து பாரு," என்றான் ரகுபதி.

"வாணாம். அசைஞ்சா போயிடும்."

அங்கிருந்து அவளுக்குத் திரை தெரியாது. தெரிந்தது அம்மா மட்டும்தான். கோதாவின் முகத்தில் வெளிச்சம் விழுந்தது. உதடுகள் விரிந்தன. போர்வைக்குள்ளிருந்து இன்னொரு கையும் வெளியே வந்தது.

சாப்பிட்டாயா என்று கேட்டாள். பதில் திருப்தியாக இல்லை போலும், புருவத்தைச் சுருக்கினாள். குளிரா என்று தோள்களைக் கட்டிக் காட்டினாள். பிறகு கன்னத்தை மேலும் கீழுமாகச் சுரண்டி முகத்தைச் சுளித்தாள். என்ன தாடி இது, எடு. சத்தமில்லாமல் சிரித்தாள். வசுதா டி.வி.க்குப் பின்னால் தானும் சிரித்துவிட்டாள். தம்பி என்ன சொன்னானோ, அம்மா நெடுநேரம் கண்ணெடுக்காமல் பார்த்தாள். நடுவில் ஒருமுறை தலையசைத்தாள். பிறகு நெஞ்சைத் தொட்டு, மூக்குத்தி போடும் இடத்தில் விரலை வைத்தாள். வசுதாவுக்கு அவள் சைகையில் வைத்திருந்த பெயர் அது. அதற்குப் பின்னால் என்னவோ சொல்ல வந்த கை, பாதியில் போர்வையின் மேல் இறங்கியது.

மூச்சு ஒன்று வந்தது. அடுத்தது வர நேரமாயிற்று. அதற்கடுத்தது வரவில்லை.

ரகுபதி குனிந்து மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தான். மணிக்கட்டைத் தொட்டான். பிறகு நிமிர்ந்து மனைவியைப் பார்த்தான்.

"வசு…"

"தெரியிது."

ஜன்னலுக்கு வெளியே கம்பெனி பஸ் ஒன்று ஹாரன் அடித்தபடி போனது.

"அவன் இன்னா பண்றான்?" என்று கேட்டாள் வசுதா.

ரகுபதி திரையைப் பார்த்தான்.

"அழுவுறான். ஷேவ் பண்ணிக்கினு வரேன்னு காட்றான். திரும்பத் திரும்ப அதையே காட்டிக்கினு கீறான்." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "போதும் வசு, ஒயர வுடு."

அவள் வலது கை மரத்துப்போயிருந்தது. இடது கையையும் நீட்டி, ஒயர் ஆடாமல் அதை மாற்றிப் பிடித்துக்கொண்டாள்.